சுவரோரம் நடப்பவர்கள்

பிப்ரவரி 3

என் சின்னவனுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தொலைபேசியை எடுத்தாலே உன் அத்தான் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

நம் சலவைக்கூடத்தில் தீப்பிடித்துவிட்டது. பதறாதே, மேல்மாடி மட்டும்தான். துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றில் பஞ்சு சேர்ந்து, அதிலிருந்து பொறி கிளம்பி, ஆஸ்பத்திரி விரிப்புகள் அடுக்கிவைத்திருந்த பக்கம் பிடித்துக்கொண்டது. மத்தியான நேரம். வேலையாட்கள் எல்லாரும் பின்படியில் இறங்கிவிட்டார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தேனாம். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது. உன்னைப் போலவே தலையில் கவசம், முதுகில் சிலிண்டர். அந்த உடுப்பைப் பார்த்ததும் நீயே வந்துவிட்டது போல ஒரு தெம்பு. ஆனால் முதலில் உள்ளே போன குழுத் தலைவர் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டார். கீழே இருந்த துவைக்கும் இயந்திரத்தின் இரும்பு விளிம்பில் முதுகும் தலையும் அடிபட்டு, இன்னும் நினைவு திரும்பவில்லை. உன் வயதுதான் இருக்கும்.

இப்படி நடந்தால் உங்கள் ஆட்கள் கட்டடத்துக்காரர் மேல் வழக்குப் போடுவார்களா? உடனே எழுது. பதிலை எங்கள் வீட்டுக்கு அனுப்பாதே, எதிர்க்கடைத் தையற்காரம்மா முகவரிக்கு அனுப்பு. பின்னால் எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 9

பாசமுள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். தீயணைப்பு நிலையத்துப் பின்பக்கம் தண்ணீர்க் குழாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. படித்ததும் உன்னைத் திட்டத்தான் தோன்றியது. பஞ்சு வடிகட்டியைத் தினமும் துடை, தினமும் துடை என்று எத்தனை தடவை தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன்! சரி, நீங்கள் இருவரும் முழுசாக இருக்கிறீர்கள், அது போதும். அத்தானின் நாற்காலியை மட்டும் யாராவது துவைக்கும் இயந்திரத்தில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் தேவலை.

வழக்கு என்றெல்லாம் பயப்படாதே. தீ சுட்டால் நாங்கள் யாரையும் குறை சொல்வதில்லை. சுடும் என்று தெரிந்துதானே போகிறோம்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. அவர் எப்படி விழுந்தார்? புகைக்குள் நாங்கள் அறையின் நடுவே நடப்பதே இல்லை. சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு சுவரோரமாகவே போவோம். தரை அங்கேதான் பலமாக இருக்கும், திரும்பி வர வழி காட்டுவதும் சுவர்தான். பயிற்சியின் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. உள்ளே போகும் முன் வாசலில் நிற்கும் உரிமையாளரிடம், பள்ளம், திறப்பு, சிலிண்டர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்போம். கேட்காமல் எந்தத் தலைவரும் காலை எடுத்து வைக்கமாட்டார். வாசலில் யார் நின்றீர்கள்? என்ன சொன்னீர்கள்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.
உன் சின்னவன்

பிப்ரவரி 20

சின்னவனுக்கு,

நலம்தான். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இருமல் மட்டும் விடமாட்டேன் என்கிறது. கூடத்துக்குள் நின்றால் ஈரக் கரி வாடை, வெளியே வந்தால் தெருவே என்னைப் பார்ப்பது போல இருக்கிறது.

எப்படி விழுந்தார் என்று கேட்டிருந்தாய். மேல்மாடியில் சுவரோரம் தரையில் ஒரு திறப்பு உண்டு. ஆரம்பத்தில் அழுக்கு மூட்டைகளை அது வழியாகத்தான் கீழே துவைக்கும் இடத்துக்குத் தள்ளுவோம். மூட்டை ஏற்றி இறக்க லிஃப்ட் வைத்த பிறகு அதன்மேல் பலகை போட்டு, தரை முழுக்க ஒரே விரிப்பாக விரித்துவிட்டோம். அதனால் பார்த்தால் தெரியாது. அந்தப் பலகை உடைந்துதான் அவர் விழுந்தார். எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம், "சுவர் பக்கம் போவாத, நடுவுல நட" என்று. நீங்கள் சுவரோரம்தான் நடப்பீர்கள் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

வக்கீல் வந்துபோனார். தீயாலோ புகையாலோ தீயணைப்பாளருக்கு ஏதாவது ஆனால் கட்டடத்துக்காரர் மேல் பொறுப்பு வராதாம். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் மறைவான ஓர் ஆபத்து அங்கே இருந்து, அது உரிமையாளருக்குத் தெரிந்து, எச்சரிக்க வாய்ப்பும் இருந்து, எச்சரிக்காமல் விட்டால் கதை வேறாம். "உங்களுக்கு வாய்ப்பு இருந்ததா, இல்லையா? கேஸே அதுலதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தான் அவருக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொல்லி என்னை உள்ளே அனுப்பிவிட்டார்.

குளிர் அதிகம் என்றால் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்.
அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

நலம்.

நான் கேட்டது இரண்டு கேள்வி. ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. குளிருக்குத் துணி கட்டச் சொல்கிறாய், வக்கீல் குடித்தது வரைக்கும் எழுதுகிறாய், வாசலில் நடந்ததை மட்டும் மென்று விழுங்கிவிட்டாய். நீ பூசி மெழுகுகிறவள் இல்லையே.

அவர் கேட்டாரா?

உன் சின்னவன்

மார்ச் 18

அன்புச் சின்னவனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் நலமா? உன் மனைவிக்கு அந்த முழங்கை வலி குறைந்ததா?

இங்கே கீழ்த்தளத்தில் இரண்டு இயந்திரங்களை ஓட்ட ஆரம்பித்திருக்கிறோம். எங்களிடம் துணி போடும் விடுதிக்காரர்கள் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் திறப்புக்கு நேர் கீழே இருந்த இயந்திரத்தை யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். நானும் தொடச் சொல்லவில்லை.

வாசலில் யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்பதற்குள் உள்ளே ஓடிவிட்டார்கள் என்று அத்தான் வக்கீலிடம் சொல்லியிருக்கிறார். அத்தான் சொன்னது அப்படி.

அந்தக் குழுத் தலைவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. கண் விழித்துவிட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டி முடித்த அடுத்த நிமிடமே, விழித்துவிட்டால் என்ன சொல்வாரோ என்ற பயமும் வந்துவிடுகிறது. விழிக்காமலே போகட்டும் என்று ஒரு நாள் ஒரு நொடி நினைத்துவிட்டேன். நினைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. அன்றிலிருந்து கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரக்கூட பயமாக இருக்கிறது.

நீ ஜாக்கிரதையாக வேலை பார்.
அக்கா

ஏப்ரல் 10

சின்னவனுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. தையற்காரம்மா என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிடுகிறார். கோபமென்றால் திட்டியாவது எழுது. நீ எழுதாமல் இருந்தால் உனக்கு என்ன ஆயிற்றோ என்று வேறு பயமாக இருக்கிறது. இருக்கிற பயம் போதாதா எனக்கு?

குழுத் தலைவர் கண் விழித்துவிட்டார். பேசுகிறாராம். என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிறேன். நான் பேயறைந்தவள் மாதிரி திரிவதாக அத்தான் சொல்கிறார். அவருக்கும் இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, அதை அவர் சொல்வதில்லை.

ஒரு வரி போதும், எழுது.
அக்கா

ஏப்ரல் 19

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நிலையத்துக்கு வந்த உங்கள் கடிதத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிரித்துப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னைக் கடித்துக் குதறிவிடுவார், பரவாயில்லை.

மார்ச் கடைசியில் ஒரு வீட்டில் தீ. இவர்தான் முன்னால் போனார். உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். பின்னால் இருந்தவர்கள் தள்ளியும் கால் நகரவில்லையாம். "தரை இருக்கா, தரை இருக்கா" என்று கேட்டுக்கொண்டே நின்றாராம். அந்த வீட்டுப் பெண்ணை வேறொருவர் தாண்டிப் போய்த் தூக்கி வந்திருக்கிறார். அந்த அம்மா பிழைத்துவிட்டார், ஆனால் புகையைக் குடித்ததில் இன்னும் பேச்சு வரவில்லை. இவரை வண்டியில் ஏற்றுவதில்லை இப்போது. குழாய் கழுவுகிறார், கருவிகளுக்கு எண்ணெய் போடுகிறார். வீட்டில் கூட நடுக்கூடத்தில்தான் நடக்கிறார் அண்ணி. சுவர் பக்கம் வருவதில்லை.

அவர் உங்களிடம் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் பதில் சொல்லிவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

முழங்கை வலி பரவாயில்லை. அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம்.
உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 25

சின்னவனே,

இன்று நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இது. கேட்டார். வாசலில் நானும் அத்தானும் நின்றோம். கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மேல தரையில பள்ளம், திறப்பு ஏதாவது இருக்காம்மா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அத்தான் முந்திக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சார், சீக்கிரம் போங்க, எல்லாம் போயிடும்" என்றார். குழுத் தலைவர் நகரவில்லை. மறுபடி என்னிடமே, "நிச்சயமா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன் என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தத் திறப்பைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டோம் என்று காப்பீட்டுக்காரரிடம் போன வருடம் சொல்லியிருந்தோம். அடைக்கவில்லை, இரண்டு நாள் வேலை நிற்குமே என்று தள்ளிப்போட்டோம். அந்த ஆள் கூட்டத்தில் நிற்பது போல எனக்குப் பட்டது. பிறகு பார்த்தால் அது வேறு யாரோ. இருபது வருட உழைப்பு ஜன்னல் வழியே புகையாகப் போய்க்கொண்டிருந்தது. திறப்பு இருக்கிறது என்று சொன்னால் நிதானமாகப் போவார்கள், நிதானமாகப் போனால் ஒன்றும் மிஞ்சாது என்றும் நினைத்தேன். இதெல்லாம் ஒரு தலையாட்டலுக்குள் ஓடியது. அவர் போகும் வழியில் அந்தப் பலகை வராது, நடுவில்தானே நடப்பார் என்றும் நினைத்தேன். எங்கள் ஆட்களைப் போல.

உன்னை நான் நிற்க வைத்துவிட்டேன் அந்த வீட்டில். உன் மனைவியைத் திட்டாதே, அவள் நல்லவள்.

இதை அத்தானிடமோ வெளியிலோ சொல்ல எனக்குத் தைரியமில்லை. படித்ததும் கிழித்துவிடு.
அக்கா

மே 3

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. சமையலறைத் தொட்டியில் வைத்து எரித்துவிட்டேன். தீயணைக்கிறவன் தன் வீட்டுக்குள்ளேயே தீ வைப்பதை என் வீட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். உன்னைக் காப்பாற்றுவதற்காக எரித்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் வாயால் வர வேண்டியதை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிய என்னால் முடியாது. காட்டிக்கொடுக்கவும் முடியாது. நீ என் அக்கா.

இரண்டு நாள் உன்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எழுதினால் கெட்ட வார்த்தை வரும் என்று பேனாவைத் தொடவில்லை.

ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊர் நிலையத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், விசாரித்தேன். அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லையாம். வண்டியில் ஏறியது வரைதான் ஞாபகம். அவரோடு வந்தவர்கள் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் உங்களிடம் கேட்டது யார் காதிலும் விழவில்லை. அவர் கேட்கவே இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆகவே உள்ளே போகுமுன் விசாரிக்கத் தவறியது குழுத் தலைவர் என்று முடிவு கட்டப்போகிறார்கள். முதுகும் போய், வேலையும் போய், தப்பும் அவர் தலையில்.

நீங்கள் பிழைத்துக்கொண்டீர்கள் அக்கா. வக்கீலுக்குச் சந்தோஷமாக இருக்கும். நீ ஒரு தடவை போய் அவரைப் பார்த்துவிட்டு வா. வேறெதுவும் சொல்லமாட்டேன்.

உன் சின்னவன்

மே 19

என் சின்னவனுக்கு,

நீ சுகமா? சாப்பிடுகிறாயா? நான் இருக்கிறேன்.

போய்ப் பார்த்தேன். காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன், வெறும் பையோடு ஆஸ்பத்திரி மாடியில் ஏறினேன். கட்டிலில் விரித்திருந்தது எங்கள் கூடத்தில் துவைத்த விரிப்புதான், ஓரத்துத் தையலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவர் மனைவி அவருடைய கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லையாம், ஆனாலும் தேய்க்கிறார்.

நான் யார் என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் இறுகிவிட்டது. அவர்தான், "வாங்கக்கா, உக்காருங்க. வேலை திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். உன் வாயில் வருகிற அதே அக்கா. கீழே மட்டும் ஓடுகிறது என்றேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்மேல உங்களுக்கு வருத்தம் இருக்கும்க்கா. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. இத்தனை வருஷத்துல கேக்காம உள்ள போனதே இல்ல. அன்னைக்கு ஏன் கேக்கலன்னு படுத்துக்கிட்டே யோசிக்கிறேன், ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது. என் பின்னாடி சின்னப் பசங்க ரெண்டு பேரு வந்தாங்க. அவங்கள்ல ஒருத்தன் விழுந்திருந்தா? மன்னிச்சிடுங்கக்கா."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், சின்னவனே. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நாற்காலியைப் பிடித்தேன்.

"கேட்டீங்க" என்றேன்.

"என்னக்கா?"

"நீங்க கேட்டீங்க தம்பி. என்னைப் பார்த்துத்தான் கேட்டீங்க. ரெண்டு தடவை. நான்தான் இல்லைன்னு தலையாட்டினேன்."

திட்டுவார், கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் "நான் கேட்டேனா?" என்றார். "கேட்டேனா? நிஜமாவா?" என்று மறுபடியும் கேட்டார். ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? நான் கேட்டிருக்கேன்டி! நான் கேக்காம போகல" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். அதைப் பார்க்க வைத்ததற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையை அவர் கால்மேல் வைத்தபடியே என்னைப் பார்த்தார். "வெளிய போங்க" என்று மட்டும் சொன்னார். போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று பயந்தேன், போடவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாம் போச்சு" என்றார். கூடம் போகும், வீடும் போகலாம் என்று வக்கீல் சொல்கிறார். அந்த அறையில் நான் சொன்னதற்குச் சாட்சியாக அவர்கள் இருவர்தான், விசாரணையில் மறுத்துவிடலாம், இன்னும் காலம் இருக்கிறது என்றும் சொல்கிறார்.

ஜூன் இரண்டாம் தேதி விசாரணை. உண்மையைத்தான் சொல்லப்போகிறேன் என்று உனக்கு எழுதுகிறேன், எழுதிவிட்டால் மாற்ற முடியாது என்பதற்காக. ஆனால் பயமாக இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அவர்கள் கேட்கும்போது என் தலை தானாக மறுபடி இல்லை என்று ஆடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீ வந்து என் பக்கத்தில் உட்காருவாயா?

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை என் வீட்டுக்காரியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என் பையில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வருகிறேன். ஆனால் உன் பக்கத்தில் உட்காரமாட்டேன். அவர் சக்கர நாற்காலியில் வருவார் என்று சொன்னார்கள். அதன் பக்கத்தில், உடுப்போடு உட்காருவேன். அது உனக்கு நேர் எதிரில்தான் இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது வக்கீலைப் பார்க்காதே, அத்தானையும் பார்க்காதே. என்னைப் பார். உள்ளே போகப்போகிறவன் நான், கேட்பவன் நான் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்.

உன் சின்னவன்